பல்கலைக்கழக வாழ்வும் சனரஞ்சகப் பண்பாடும்: ஒரு வரலாற்று நோக்கு

பட்டமளிப்பு விழா முடிந்து நெடுங்காலம் ஆகாத ஒருவன் பல்கலைக்கழக வாழ்வின் மாற்றங்களைப் பற்றி எழுத முற்படுவது சற்று அவசரமான காரியமெனச் சிலர் கருதலாம். மாற்றத்தை அளவிடுவதற்குக் காலத்தின் தூரம் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் பேராதனையில் எமது அணியினர் கழித்த காலம் வழமையானதொன்றன்று. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விடுதிக்குள் நுழைந்த நாம், ஒருவரையொருவர் பெயர்சொல்லி அழைக்கப் பழகுமுன்னரே, அவ்வாண்டு மார்ச் மாதத்திற் கொள்ளைநோய் காரணமாக வீடுகளுக்குத் திரும்ப நேர்ந்தது. பின்னர் மீண்டு வந்தபோது 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி எம்மை எதிர்கொண்டது. மின்வெட்டும் எரிபொருள் வரிசையும் அவ்வாண்டின் அன்றாட நிகழ்ச்சிகளாயின. எனவே பல்கலைக்கழக வாழ்வு என்பது யாது என்னும் வினா எமக்கு வெறும் ஏட்டு வினாவன்று. அதனை இழந்திருந்த மாதங்களில் எதனை இழந்தோம் என்று எண்ணிப் பார்த்ததன் பேறாக எழுந்த வினா அது.

மூத்த பட்டதாரிகளைச் சந்திக்கும்போதெல்லாம் நாம் கேட்கும் வாசகம் ஒன்றுண்டு. தம் காலத்திற் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக இருந்தது என்பதும், இன்றைய மாணவர் சினிமாப் பாட்டிலும் கைத்தொலைபேசியிலும் காலத்தைக் கழிக்கின்றனர் என்பதுமே அவ்வாசகத்தின் சாரம். இதனைக் கூறுவோர் ஒரே தலைமுறையினராயின் நாமும் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அறுபதுகளிற் பயின்றவர் எழுபதுகளிலும், எழுபதுகளிற் பயின்றவர் எண்பதுகளிலும் சீர்கேடு தொடங்கியதாகக் கூறுகின்றனர். ஐம்பதுகளிற் பயின்றவர்களோ சுயமொழிக் கல்வி வந்ததோடு யாவும் முடிந்துவிட்டதெனத் துயருற்றனர். இவ்வனைவரின் கூற்றும் மெய்யாயின், பல்கலைக்கழகம் தோன்றிய நாள்முதலாகவே வீழ்ந்துகொண்டிருந்திருத்தல் வேண்டும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஆகவே, சனரஞ்சகப் பண்பாட்டுக்கும் பல்கலைக்கழக வாழ்வுக்கும் இடையே இருந்துவந்த உறவினைக் காலவரன்முறையாக நோக்கி, மாறியது எது, உண்மையில் இழக்கப்பட்டது எது என்பனவற்றைப் பிரித்தறிய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையிற் பல்கலைக்கழக மட்டத்திலான கல்வி 1921இற் கொழும்பில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியுடன் தொடங்கிற்று. 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாக உருப்பெற்றபோது ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதலாவது துணைவேந்தரானார். அன்று அங்கு கற்றோர் தொகை 900ஐச் சற்றே மேவியதாகும். ஆங்கிலமே போதனாமொழி. பேராசிரியர் லுடோவைக்கின் வழிகாட்டலில் இயங்கிய நாடகச் சங்கம் மேனாட்டு நாடகங்களை ஆங்கிலத்தில் மேடையேற்றிப் புகழீட்டியது. அம்முயற்சிகளின் தரத்தைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. எனினும், அவற்றைச் சுவைத்தவர்கள் ஆங்கிலங்கற்ற மத்தியதர வர்க்கத்தினரே என்பதும், வெளியே கிராமங்களில் நிகழ்ந்த கூத்துக்கும் பாட்டுக்கும் அவ்வளாகத்தில் இடமிருக்கவில்லை என்பதும் மனங்கொள்ளப்பட வேண்டியன.

இச்சூழலிலேயே பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, மாணவர் நடிப்பதற்கெனத் தமிழ் நாடகங்களை எழுதினார். அவற்றுள் நான்கு 1940இல் 'நானாடகம்' என்னும் பெயரில் நூலுருப் பெற்றன. யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழை அவர் அந்நாடகங்களிற் கையாண்டார். அந்நூலில் இடம்பெற்ற 'நாட்டவன் நகர வாழ்க்கை' என்னும் தலைப்பே அன்றைய தமிழ் மாணவனின் நிலைமையைச் சுட்டுவதாய் அமைகின்றது. வீட்டிலும் சந்தையிலும் வழங்கிய பேச்சு பல்கலைக்கழக மேடையில் ஒலித்தது அக்காலத்தில் சிறிய துணிவன்று. பண்டிதர்கள் கொச்சையென ஒதுக்கிய மொழியைத் தமிழறிஞர் ஒருவரே மேடைக்குக் கொணர்ந்தமை நமது ஆய்வுக்கு முதற் சான்றாகும்.

1952இற் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயரத் தொடங்கியது. அந்தானை மலைச்சாரலுக்கும் மகாவலி கங்கைக்கும் இடையே அமைந்த இவ்வளாகம் விடுதி வாழ்வை அடிப்படையாகக் கொண்டே திட்டமிடப்பட்டது. அருணாசலம், இராமநாதன், ஜயதிலக்க, மார்ஸ் முதலிய பெயர் தாங்கிய மண்டபங்கள் உறங்குமிடங்களாக மட்டும் கருதப்படவில்லை. வெவ்வேறு ஊரும் மொழியும் மதமும் சார்ந்த இளைஞர் ஒரே கூரையின்கீழ் உண்டு, பேசி, விவாதித்து வாழ்வதும் கல்வியின் ஒரு கூறெனக் கொள்ளப்பட்டது. நேரமும் நெருக்கமும் ஒருங்கே கிடைத்த இவ்வமைப்பே பிற்காலத்துக் கலைமுயற்சிகளுக்கு வாய்ப்பளித்தது என்பது எனது துணிபு.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயன் பல்கலைக்கழகத்தை எட்டுவதற்குச் சில ஆண்டுகள் சென்றன. 1960இலிருந்து கலைத்துறைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படலாயின. அதனோடு பல்கலைக்கழகத்தின் சமூகத்தளமே மாறிற்று. கிராமத்துப் பாடசாலைகளிலிருந்து விவசாயிகளினதும் தொழிலாளரினதும் சிற்றூழியரினதும் பிள்ளைகள் வந்துசேர்ந்தனர். பழையவர்கள் பண்பாட்டுச் சீர்கேடெனக் கண்டது இம்மாற்றத்தையே. ஆனால் பேராதனையின் மிகச் சிறந்த கலைப்படைப்புகள் இக்காலப்பகுதியை ஒட்டியே தோன்றின என்பது நோக்கற்பாலது. எதிரிவீர சரச்சந்திர 1956இல் மாணவரைக் கொண்டு 'மனமே' நாடகத்தை அரங்கேற்றினார். 1961இல் 'சிங்கபாகு' வந்தது. அவர் அடியெடுத்த நாடகம் என்னும் சிங்களக் கிராமிய அரங்கு, தமிழ்க் கூத்து மரபுடன் நெருங்கிய உறவுடையது. மாணவர் இன்றும் பள்ளம் எனப் பொருள்படும் 'வல' என்ற சிங்களச் சொல்லால் அழைக்கும் திறந்தவெளி அரங்கு அவரது பெயரையே தாங்கி நிற்கின்றது.

இதன் எதிரொலியாகத் தமிழில் நிகழ்ந்ததே பேராசிரியர் சு. வித்தியானந்தனின் கூத்து மீட்புப் பணி. மட்டக்களப்பு வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்பட்ட கூத்தினை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கி, படச்சட்ட மேடைக்கு ஏற்ப அமைத்து, 1962இற் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்', 1968இல் 'வாலி வதை' என மாணவரைக்கொண்டு மேடையேற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பல்கலைக்கழக மாணவருக்கு ஆடல் பயிற்றினார். மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவரான சி. மௌனகுரு 'இராவணேசன்' பிரதியை எழுதி இராவணனாகவும் ஆடினார். ஆங்கிலங்கற்றோர் படியாதவரின் பொழுதுபோக்கென ஒதுக்கியிருந்த ஒரு கலை, படியாதவரெனப் பட்ட அண்ணாவியாரையே ஆசானாகக் கொண்டு பல்கலைக்கழகத்துட் புகுந்தது.

இவ்விடத்து ஒன்றைத் தெளிவுபடுத்தல் அவசியம். கூத்தும் ஒரு காலத்தின் சனரஞ்சகக் கலையே. இன்று அதனை மரபுக்கலை என்று போற்றுவோர், அது மேடையேறிய காலத்திலேயே அதன் தூய்மை கெட்டதெனவும் அது பல்கலைக்கழகத்துக்கு ஒவ்வாததெனவும் இருதிறக் குறைகளும் எழுந்தமையை மறந்துவிடுகின்றனர். மக்கள் சுவைக்கும் கலை பல்கலைக்கழகத்துட் புகுவதனால் எதுவும் கெட்டுவிடுவதில்லை. உட்புகுந்ததனை மாணவர் என்ன செய்கின்றனர் என்பதே வினா. வெறுமனே நுகர்கின்றனரா, அன்றிப் பயின்று மாற்றிச் சமூகத்துக்கே திருப்பி அளிக்கின்றனரா என்ற அளவுகோலைக்கொண்டே ஒரு காலத்தை மதிப்பிடுதல் முறையாகும்.

கூத்து மேடையேறிய அதே ஆண்டுகளில் மாணவரின் அன்றாடச் சுவை பெரிதும் வேறாயிருந்தது. 1950இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தென்னிந்தியாவிலும் ஆவலுடன் கேட்கப்பட்டது. எஸ். பி. மயில்வாகனத்தின் குரலை அறியாத வீடு அக்காலத்தில் அரிது. சானா என அறியப்பட்ட சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா' போன்ற வானொலி நாடகங்கள் எமது பேச்சுமொழியை வீடுதோறும் கொண்டுசென்றன. தமிழகத் திரைப்படங்களும் பாடல்களும் எல்லாத் தரப்பினரையும் ஆட்கொண்டிருந்தன. 1970 முதல் 1977 வரையிலான ஆட்சிக்காலத்தில் இந்தியச் சஞ்சிகைகளும் படங்களும் கட்டுப்படுத்தப்பட்டபோது ஈழத்து முயற்சிகளுக்கு ஓரளவு இடைவெளி கிடைத்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' முதலிய பொப் பாடல்கள் பரவிய காலமும் இதுவே. போர்த்துக்கேயர் தொடர்பால் இந்நாட்டில் வேரூன்றிய பைலாத் தாளம் அவற்றிற் கலந்திருந்தது. சுற்றுலாப் பேருந்தின் பின்னிருக்கையிற் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒருமித்துத் தட்டிப் பாடிய தாளம் அதுவே, இன்றும் பாடுகின்றனர். அவற்றை விளையாட்டுப் பாடல்களென ஒதுக்கியோர் உளர். எனினும் பல மொழியினர் ஒரே இருக்கையில் அமர்ந்து பாடக்கூடிய பாடல்கள் இந்நாட்டில் அதிகமில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆனால் அந்தப் பேருந்துக்கு வெளியே நாடு வேறு திசையிற் சென்றது. 1970களின் தொடக்கத்திற் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல் தமிழ் இளைஞர் மனத்தில் ஆறாப் புண்ணாயிற்று. 1974இற் திருநெல்வேலியிற் பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்தில் யாழ்ப்பாண வளாகம் தோன்றியது, பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதலாவது தலைவரானார். 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் இனவன்முறைகளையடுத்துத் தெற்கிலிருந்த வளாகங்களைவிட்டு வெளியேறிய தமிழ் மாணவர் பலர். இதற்கிடையே 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. இழக்கப்பட்ட நூல்களின் தொகை 97,000 அளவினதெனக் கூறப்படுகின்றது. ஒரு சமூகத்தின் நினைவு எத்துணை எளிதில் அழிக்கப்படலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

நெருக்கடி மிகுந்த அவ்வாண்டுகளிலும் கலைமுயற்சி அற்றுப்போகவில்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' என்னும் நாடகத்தை 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஊர் ஊராக எடுத்துச் சென்றனர். கூத்து கிராமத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்தது போல, இந்நாடகம் பல்கலைக்கழகத்திலிருந்து கிராமத்துக்குச் சென்றது. 1987 முதல் 1989 வரை தெற்கிலே பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடிக்கிடந்தன. 1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோ தந்த மின்னில் வானொலி கேட்டதைப் பெற்றோர் கூற நாம் அறிந்திருக்கிறோம். ஒருவர் சுழற்ற ஏனையோர் சுற்றியிருந்து கேட்டனர். அங்கு கேட்பதும் கூட்டுச்செயலாகவே இருந்தது.

1979இற் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982இல் ரூபவாகினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. அவை வந்தபோதும் பொது அறையில் ஒரு பெட்டியின் முன் பலர் அமர்ந்திருந்தனர். எதனைப் பார்ப்பது என்பதில் வாக்குவாதம் நிகழ்ந்தது. தனக்குப் பிடிக்காததையும் ஒருவர் பார்க்க நேர்ந்தது. எமது காலத்தில் அப்பெட்டி ஒவ்வொருவர் கைக்குள்ளும் வந்துவிட்டது. ஒரே அறையில் உறங்கும் நால்வர் செவிப்பொறிகளை மாட்டிக்கொண்டு நான்கு வெவ்வேறு உலகங்களில் இருக்கின்றனர். 2021இல் யொஹானி பாடிய 'மெனிக்கே மகே ஹித்தே' என்னும் சிங்களப் பாடல் இந்தியா முழுவதும் பரவியதை எமது அணியினர் வெவ்வேறு ஊர்களில், தனித்தனித் திரைகளிற் கண்டோம். தமிழருக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் அதைச் சேர்ந்து பாடுவதற்குப் பேருந்து எமக்கு இருக்கவில்லை.

இம்மாற்றத்தை எமது காலத்துச் சொல்லொன்று நன்கு விளக்குகின்றது. மூத்த மாணவர் இளையோருக்கு இரவில் இலவசமாக நடத்தும் மேலதிக வகுப்பினைப் பல்கலைக்கழகங்களிற் 'குப்பி' என்பர். குப்பி விளக்கின் சுடரைச் சுற்றியமர்ந்து படித்த காலத்தை நினைவூட்டும் பெயர் அது. கொள்ளைநோய்க் காலத்தில் குப்பி வட்ஸ்அப் குழுவுக்கும் யூரியூப் காணொளிக்கும் மாறிற்று. பாடம் நின்றுவிடவில்லை என்பதற்கு அந்த அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் நாம் என்றும் கடமைப்பட்டுள்ளோம். இருப்பினும் பாடம் முடிந்தபின் பிளேன்ரீ குடித்துக்கொண்டு விடியும்வரை நடக்கும் பேச்சு, அக்காணொளியில் இருக்கவில்லை. நாடகங்களும் கவிதைகளும் அரசியலும் பிறந்தது அப்பேச்சில் என்பதை மூத்தோர் அனைவரும் ஒருமுகமாகக் கூறுவர்.

எனினும் எமது அணி முற்றாக வாளாவிருந்ததெனக் கூறின் அது உண்மையாகாது. 2021இல் வீடுகளில் இருந்தவாறே எம்மில் அறுவர் சேர்ந்து ஒலிநாடகம் ஒன்றைத் தயாரித்தோம். மன்னார், மட்டக்களப்பு, அற்றன் எனச் சிதறியிருந்தவர்கள் தத்தம் பகுதியைத் தனித்தனியே கைத்தொலைபேசியிற் பதிந்து அனுப்பினர். அற்றன் பக்கத்துத் தோழி லயத்திற் சமிக்ஞை கிடையாமையால் ஒவ்வொரு மாலையும் தேயிலை மலை உச்சிக்கு ஏறிச் சென்றே தனது பகுதியை அனுப்பினார். அவரது குரலின் பின்னணியிற் காற்று இரைந்தது. அதனை நீக்க வேண்டுமென முதலில் எண்ணினோம். பின்னர் அவ்வாறே விட்டுவிட்டோம். தோட்டத்துப் பேச்சும் மன்னார்ப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் ஒரே நாடகத்தில் ஒலித்தன. கணபதிப்பிள்ளை அவர்கள் பேச்சுத்தமிழை மேடையேற்றிய காலத்தில் மலையகப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவு ஏறத்தாழ அடைபட்டே கிடந்தது. மாணவியர் தொகையும் சிறிதாகவே இருந்தது. இன்று கலைப்பீடங்களில் மாணவியரே பெரும்பான்மையினர். பொற்காலம் எனப்பட்டவற்றில் இக்குரல்கள் இருக்கவில்லை என்பதை மறந்துவிட்டு எமது காலத்தை மட்டும் இழித்துரைப்பது நியாயமாகாது.

ஆனால் இக்கதையின் முடிவு மகிழ்ச்சிக்குரியதன்று. ஒலித்துண்டுகளை ஒன்றிணைத்த நண்பரின் தொலைபேசி பழுதடைந்தது. ஏனையோர் இடம் போதாமையாற் பழைய பதிவுகளை அழித்திருந்தனர். பகிர்ந்த இணைப்பும் இப்போது திறப்பதில்லை. நான்காம் வருடத்தில் விரிவுரையாளர் ஒருவர் அதனைக் கேட்க விரும்பியபோது கொடுப்பதற்கு எம்மிடம் எதுவும் இருக்கவில்லை. ஆறு பேர் மூன்று மாதம் உழைத்த ஒன்று, மூன்றாண்டுகூட நிலைக்கவில்லை. எஞ்சியது தோழி தனது பகுதியைப் பென்சிலால் எழுதிவைத்திருந்த கொப்பி ஒன்று மட்டுமே.

இதனை ஓர் அணியின் தனித்த துயராக நான் கருதவில்லை. அறுபதுகளின் கூத்து முயற்சியை நாம் இன்று அறிந்திருப்பதற்குக் காரணம் அது சிறப்பாக இருந்தது என்பது மட்டுமன்று. வித்தியானந்தன் கூத்துப் பிரதிகளைத் தேடிப் பதிப்பித்தார். 'அலங்காரரூபன் நாடகம்' 1962இலும் 'மூவிராசாக்கள் நாடகம்' 1966இலும் அச்சேறின. நானாடகம் அச்சேறியிராவிடின் முப்பதுகளின் மாணவர் மேடையைப் பற்றி நாம் எதனை அறிந்திருப்போம்? அச்சிடப்பட்டவையும் தீக்கிரையாகலாம் என்பதை 1981 காட்டிற்று. ஆனால் அத்தீயை வைத்தவர்கள் இருந்தனர். அதற்கெதிராக எழுந்த கோபமும் இருந்தது. எமது காலத்து அழிவுக்கோ தீ வைத்தவர் எவருமிலர். அழிவது அழிந்ததென்றுகூட எவரும் அறிவதில்லை.

முடிவாகக் கூறின், சனரஞ்சகப் பண்பாடு பல்கலைக்கழகத்தைக் கெடுத்தது என்னும் கூற்று வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. பேச்சுமொழி, கூத்து, வானொலி, பைலா என ஒவ்வொன்றும் புறத்திருந்து வந்து, பயிலப்பட்டபோது எமது செல்வமாயிற்று. குறுங்காணொளியும் ராப் பாடலும் அவ்வாறு ஆகமாட்டா என்று முன்கூட்டியே தீர்ப்பளிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆயின் அவ்வாறு ஆவதற்கு இரண்டு தேவைகள் உள. ஒன்று, ஒருங்கிருந்து பயிலும் நேரம். மற்றையது, செய்ததனைப் பேணும் பழக்கம். முதலாவதனைக் கொள்ளைநோயும் நெருக்கடியும் எம்மிடமிருந்து பறித்தன. இரண்டாவதனை நாமே கைவிட்டோம்.

எனவே இச்சங்கத்தின் இளைய உறுப்பினருக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் எளியதே. ஆண்டுதோறும் நீங்கள் ஆடும் நாடகத்தின் பிரதியை, விழாவின் சுவரொட்டியை, பாடலின் வரிகளை அச்சில் ஒரு படியெடுத்து, தேதியும் பங்குபற்றியோர் பெயரும் எழுதிச் சங்க அறை அலுமாரியில் வையுங்கள். நூலகத்துக்கும் ஒரு படி கொடுங்கள். ஒலிப்பதிவாயின் ஒருவர் கையிலன்றி மூவர் கையில் இருக்கட்டும். நீங்கள் செய்தது சிறந்ததா அன்றா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பைப் பின்வருவோருக்கு விட்டுவிடுங்கள். தோழியின் கொப்பியை அவரது இசைவுடன் படியெடுத்து இக்கட்டுரையுடன் சங்கச் செயலாளரிடம் ஒப்படைத்துள்ளேன். அதில் ஒரு பாத்திரத்தின் பேச்சு மட்டுமே உண்டு. ஏனைய ஐவரின் பகுதிகளையும் நினைவிலிருந்து எழுதித் தருமாறு கேட்டிருக்கிறேன், இருவர் அனுப்பியுள்ளனர்.